சுவர் வெறும் திரை அல்ல: பொது இடங்களில் ஒளிவீச்சுக் கலைக்கு ஓர் எளிய அறிமுகம்

இரவு நேரத்தில் ஒரு பெரிய கட்டடத்தின் மீது படமோ எழுத்தோ ஒளிர்வதைக் காணும்போது, திரையரங்கில் நடப்பதுதான் வெட்டவெளியில் பெரிய அளவில் நடக்கிறது என்று பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். படம்தான் கலை, சுவர் அதைத் தாங்கும் திரை, மற்றவையெல்லாம் ஏற்பாடுகள் என்ற இந்த எண்ணம் விழா அறிவிப்புகளிலும் செய்திக் குறிப்புகளிலும்கூடத் தென்படுகிறது. இயற்பியலின்படி பார்த்தாலும், கலை சொல்ல வரும் கருத்தின்படி பார்த்தாலும் இது பிழையான எண்ணம். வெட்டவெளிச் சுவர் தன் மீது விழும் படத்தை மாற்றியே திருப்பித் தருகிறது. அந்தச் சுவர் யாருடையது, எந்த இரவில், யாருடைய அனுமதியோடு, எங்கே நின்று பார்க்கப்படுகிறது என்பவை சேர்ந்துதான் படத்தின் அர்த்தத்தைத் தீர்மானிக்கின்றன. இந்த இரண்டையும் அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

## எதைப் பற்றிப் பேசுகிறோம்

புரொஜெக்டரிலிருந்து புறப்படும் ஒளியை, படம் காட்டுவதற்காகச் செய்யப்படாத ஒரு பரப்பின் மீது விழச்செய்து உருவாக்கப்படும் கலையை இங்கே ஒளிவீச்சுக் கலை என்று குறிப்பிடுகிறேன். கட்டட முகப்பு, சிலை, ஆற்றங்கரைச் சுவர், மலைச்சரிவு ஆகிய எல்லாம் வேறு ஏதோ ஒரு காரணத்துக்காக அங்கே இருப்பவை. ஒளி சிறிது நேரம் அவற்றின் மீது தங்கிப் போகிறது.

இந்த வரையறையைக் கைக்கொண்டால் வழக்கமான சில குழப்பங்கள் உடனே தீர்ந்துவிடும். துபாயின் புர்ஜ் கலீஃபாவில் ஓடும் ஒளிக்காட்சிகள் அதன் மேற்பரப்பில் பொருத்தப்பட்ட எல்.இ.டி. விளக்குகளால் உருவாகின்றன, அங்கே கட்டடமே ஒளியை உமிழ்கிறது. லேசர் காட்சியில் மெல்லிய ஒளிக்கற்றை ஒன்று மிக வேகமாக அசைந்து கோடுகளை வரைகிறது. ஹாலோகிராம் என்று விளம்பரப்படுத்தப்படுபவற்றில் பலவும் மெல்லிய வலைத்துணியின் மீதோ, சாய்த்து வைத்த ஒளிபுகும் படலத்தின் மீதோ காட்டப்படும் தட்டையான படங்களே. இவை எல்லாமே தம்மளவில் சுவையான தொழில்நுட்பங்கள்தான். ஆனால் ஏற்கெனவே ஓர் அர்த்தத்தோடு நிற்கும் ஒரு பொருளின் மீது வெளியிலிருந்து ஒளி வந்து விழும் அந்த உறவு, ஒளிவீச்சுக் கலைக்கே உரியது.

## ஒரு டார்ச்சிலிருந்து தொடங்குவோம்

இருட்டறையில் ஒரு டார்ச்சைச் சுவருக்கு மிக அருகில் பிடித்தால் சிறிய, பளிச்சென்ற ஒளிவட்டம் கிடைக்கும். பின்னால் நகர நகர வட்டம் விரியும், கூடவே மங்கும். டார்ச்சிலிருந்து புறப்படும் ஒளி சிறிதும் குறையவில்லை. அதே ஒளி இப்போது அதிகப் பரப்புக்குப் பங்கிடப்படுகிறது, அவ்வளவுதான். புரொஜெக்டரிலும் இதுவே நடக்கிறது. கருவியிலிருந்து வெளிவரும் மொத்த ஒளியின் அளவை லூமென் என்றும், ஒரு சதுர மீட்டர் பரப்பில் வந்து விழும் ஒளியின் அளவை லக்ஸ் என்றும் குறிப்பிடுகிறார்கள். 20,000 லூமென் ஒளியைத் தரும் ஒரு புரொஜெக்டரைக் கொண்டு 20 மீட்டர் அகலமும் 10 மீட்டர் உயரமும் உள்ள படத்தை உருவாக்கினால், 200 சதுர மீட்டரில் பங்கிடப்பட்டு 100 லக்ஸ் கிடைக்கும். அதே கருவியால் படத்தின் அகலத்தையும் உயரத்தையும் இரண்டு மடங்காக்கினால் பரப்பு 800 சதுர மீட்டர் ஆகிவிடும். ஒளி 25 லக்ஸாக, அதாவது நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

இந்த எண்களுக்கு அருகில் சூழலின் எண்களை வைத்துப் பார்க்க வேண்டும். நேரடி வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ் தரும். முழுநிலவின் ஒளி அரை லக்ஸைக்கூட எட்டாது. ஒளியூட்டப்பட்ட தெருக்களில் சில லக்ஸ் முதல் சில பத்து லக்ஸ் வரை இருக்கும். பகலில் இந்தக் கலை சாத்தியமில்லாமல் போவதும், ஒரே ஒரு தெருவிளக்கை அணைக்க அனுமதி கிடைக்குமா என்று கலைஞர்கள் வாரக்கணக்கில் அலைவதும் இதனால்தான். 2015 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மீது அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் படங்களைக் காட்டியபோது, ஒவ்வொன்றும் 20,000 லூமென் தரக்கூடிய 40 புரொஜெக்டர்களை அருகிலிருந்த ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் அடுக்கியிருந்தார்கள். மன்ஹாட்டனின் வெளிச்சத்தோடு போட்டியிட அத்தனை கருவிகள் தேவைப்பட்டன.

பலருக்கும் வியப்பளிக்கக்கூடிய இன்னொரு செய்தி, புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தை வீச முடியாது என்பது. ஒளியை அதனால் சேர்க்க முடியும், எடுக்க முடியாது. படத்தில் கறுப்பாக இருக்கும் இடத்தில் ஒளி விழாமல் விடப்படுகிறது. அங்கே ஏற்கெனவே சுவர் என்ன நிறத்தில், எவ்வளவு வெளிச்சத்தில் இருந்ததோ அதுவே தெரிகிறது. வெளிறிய சுவரில் தெருவிளக்கு அடித்துக்கொண்டிருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் அங்கே ஓர் ஆழ்ந்த நிழலைக் கொண்டுவர இயலாது. புதிதாகத் தொடங்குபவர்களின் காட்சிகளில் ஒரு முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் செவ்வகக் கட்டம் ஒன்று தெரிவதைக் கவனித்திருக்கலாம். ஒளியை முற்றிலும் அடைக்க முடியாத கருவி, கறுப்பாக இருக்க வேண்டிய பகுதியிலும் சிறிது ஒளியைக் கசியவிடுவதன் அடையாளம் அது. அந்தக் கட்டம் தெரிந்த கணமே, முகம் சுவரில் தோன்றியது என்ற உணர்வு போய், யாரோ படம் ஓட்டுகிறார்கள் என்ற உணர்வு வந்துவிடும்.

சுவரின் நிறமும் வேலை செய்கிறது. செங்கல் சிவப்பாகத் தெரிவதற்குக் காரணம், அது சிவப்பைத் திருப்பி அனுப்பி நீலத்தைப் பெருமளவு விழுங்கிக்கொள்வதே. ஆகவே செங்கல் சுவரில் வீசப்படும் நீலவானம் அழுக்கான இருட்டாகத் தோன்றும். மனிதத் தோலின் நிறமோ மிகையாகச் சிவக்கும். கண்ணாடிச் சன்னல்களில் ஒளியின் பெரும்பகுதி உள்ளே கடந்துபோய், யாரோ ஒருவருடைய அலுவலக மேசையில் விழும். கருங்கல் ஒளியை உறிஞ்சிவிடும். சுண்ணாம்புச் சுவர் தாராளமாகத் திருப்பித் தரும். சிட்னி ஒபேரா ஹவுஸின் கூரை ஒளிவீச்சுக்கு இவ்வளவு பொருத்தமாக அமைந்ததற்கு அதன் வடிவம் மட்டுமே காரணமன்று. அதன் மீது பதிக்கப்பட்டுள்ள பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஓடுகளில் பளபளப்பான வெள்ளையும் மங்கலான பாலேட்டு நிறமும் கலந்திருப்பதால், ஒளி கண்ணைக் கூசவைக்காமல் பல திசைகளிலும் சீராகச் சிதறுகிறது.

## முகப்பை அளந்து படத்தை அமைத்தல்

தட்டையான சுவரில் படம் காட்டுவதற்கு இதுவரை சொன்னதே போதும். தூண்களும் வளைவுகளும் உள்ள முகப்பு நொறுங்கி விழுவதுபோலவோ, மூச்சு விடுவதுபோலவோ காட்டுவதற்கு இன்னொரு படி தேவை. அதற்குப் புரொஜெக்‌ஷன் மேப்பிங் என்று பெயர்: கட்டடத்தின் வடிவத்தைத் துல்லியமாக அளந்து, படத்தின் ஒவ்வொரு பகுதியும் முகப்பின் எந்தப் பகுதியில் விழ வேண்டும் என்பதை முன்கூட்டியே வரையறுக்கும் முறை. முதலில் லேசர் அளவீட்டுக் கருவியாலோ ஒளிப்படங்களாலோ முகப்பின் முப்பரிமாண மாதிரி கணினியில் உருவாக்கப்படுகிறது. பிறகு புரொஜெக்டர் நிற்கப்போகும் அதே புள்ளியிலிருந்து அந்த மாதிரி எப்படித் தெரியும் என்று கணக்கிட்டு, படம் அதற்கேற்ப வளைக்கப்படுகிறது. ஒளி விழக்கூடாத சன்னல்கள் கறுப்பாக மறைக்கப்படுகின்றன. பல கருவிகளின் படங்கள் அருகருகே சேரும் இடங்களில், ஓரங்கள் ஒன்றின் மேல் ஒன்று படியுமாறு அமைத்து, இரண்டின் ஒளியும் படிப்படியாகக் குறைக்கப்படுகிறது. இல்லாவிட்டால் சேரும் கோடு மட்டும் தனியாகப் பளிச்சிடும்.

இங்கேயே காட்சி அமைப்பு அர்த்தத்துக்குள் நுழையத் தொடங்குகிறது. ஒரு தூண் முன்னால் பாய்ந்து வருவதுபோன்ற மாயத் தோற்றம், திட்டமிட்ட ஓர் இடத்தில் நின்று பார்ப்பவருக்கு மட்டுமே முழுமையாகக் கிடைக்கும். பத்து மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் கோடுகள் கோணலாகும். சதுக்கத்தின் ஓரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது உடைந்த வடிவங்களின் தொகுப்பாகவே தெரியும். எனவே அந்தச் சரியான இடத்தை யாருக்கு ஒதுக்குவது என்ற கேள்வியை எந்த அமைப்பாளரும் தவிர்க்க முடியாது. விருந்தினர் மேடையை அங்கே போட்டுவிட்டு, நடந்துபோகும் மக்களை ஓரத்துக்குத் தள்ளும் ஒரு விழாவை மக்களுக்கான கலை என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இதுவரை சொன்னதன் சாரம் இது: ஒளிவீச்சு ஒளியைச் சேர்க்க மட்டுமே வல்லது, எவ்வளவு பெரிதாகிறதோ அவ்வளவு மங்கும், சுவரின் நிறமும் பொருளும் சூழலின் வெளிச்சமும் பார்ப்பவர் நிற்கும் இடமும் சேர்ந்தே இறுதிப் படத்தை உருவாக்குகின்றன. கணினித் திரையில் இருக்கும் கோப்பும் சுவரில் தெரியும் படமும் ஒன்றல்ல.

## ஒரே கருவி, இரண்டு அனுபவங்கள்

காட்சிப்படுத்தும் முறை அர்த்தத்தை மாற்றும் என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659-இல் உருவாக்கிய மாய விளக்கு, கண்ணாடியில் தீட்டிய படத்தை விளக்கொளியால் சுவரில் பெரிதாக்கிக் காட்டிய கருவி. பாடம் நடத்தவும் கதை சொல்லவும் அது பயன்பட்டது. பார்வையாளர்கள் கருவியைக் கண்ணால் கண்டார்கள். காட்டுபவர் பேசுவதைக் கேட்டார்கள். தாங்கள் பார்ப்பது படம் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

1799-இல் பாரிஸில் கைவிடப்பட்டிருந்த, கப்புச்சின் என்ற கத்தோலிக்கத் துறவியர் பிரிவின் மடம் ஒன்றில் எட்டியன் காஸ்பார் ராபர்ட்சன் என்பவர் அதே வகைக் கருவியைக் கொண்டு ஆவிகளை வரவழைத்துக் காட்டினார். அவர் செய்த மாற்றங்கள் அனைத்தும் காட்சி அமைப்பைச் சார்ந்தவை. கருவியைத் திரைக்குப் பின்னால் ஒளித்து, சக்கரங்களின் மீது ஏற்றினார். கண்ணாடியில் உருவத்தைச் சுற்றியுள்ள பகுதியைக் கறுப்பாகப் பூசியதால் படத்தின் விளிம்பு தெரியவில்லை. கருவியைத் திரையிலிருந்து பின்னுக்கு இழுத்தபோது உருவம் பெரிதானது. திரையே கண்ணுக்குத் தெரியாத இருளில் அமர்ந்திருந்தவர்களுக்கு, அந்த உருவம் தங்களை நோக்கி விரைந்து வருவதாகத் தோன்றியது. முந்தைய பகுதியில் டார்ச்சில் பார்த்த அதே விதியும், சாம்பல் கட்டத்தை மறைக்கும் அதே உத்தியும் இங்கே அச்சத்தை உண்டாக்கப் பயன்பட்டிருக்கின்றன. பிரெஞ்சுப் புரட்சியின் கொலைகளைக் கண்டு சில ஆண்டுகளே ஆகியிருந்த ஒரு நகரத்தில், துறவிகள் வாழ்ந்த மடத்தின் இருளில், இறந்தவர்களின் உருவங்கள் வெறும் வேடிக்கையாக இருந்திருக்க முடியாது.

## இடம் பேசும்போது

அமெரிக்கக் கலைஞர் ஷிமோன் ஆட்டி 1990-களின் தொடக்கத்தில் பெர்லினில் செய்த பணியை இந்தத் துறையின் மிகத் தெளிவான பாடமாக நான் கருதுகிறேன். ஷோய்னென்ஃபீர்டல் என்ற பகுதியில் நாஜி ஆட்சிக்கு முன்பு யூதர்கள் பெருமளவில் வாழ்ந்தார்கள். 1920-களிலும் 30-களிலும் அங்கே எடுக்கப்பட்ட ஒளிப்படங்களைத் தேடி எடுத்த ஆட்டி, அவற்றின் பகுதிகளை ஸ்லைடுகளாக்கி, இயன்றவரை அந்தப் படம் எடுக்கப்பட்ட அதே முகவரியிலும், இயலாதபோது அருகிலிருந்த கட்டடங்களிலும் இரவில் வீசினார். 1930-இல் ஒரு ஹீப்ரு புத்தகக் கடை இருந்த இடத்தில், அந்தக் கடையின் வாசலும் பெயர்ப்பலகையும் மீண்டும் தோன்றின. சுற்றிலும் 1990-களின் காரை உதிர்ந்த சுவர்களும் நிறுத்தப்பட்ட கார்களும் அப்படியே இருந்தன.

அதே படங்களை ஓர் அருங்காட்சியகத்தின் வெள்ளைச் சுவரில் மாட்டியிருந்தால் அவை வரலாற்று ஆவணங்களாக இருந்திருக்கும்; பார்வையாளர் வருந்திவிட்டு அடுத்த அறைக்குப் போயிருப்பார். தெருவில் அவை ஒரு கேள்வியாக மாறின: இங்கே இருந்தவர்கள் எங்கே, இப்போது இங்கே இருப்பவர்கள் எப்படி வந்தார்கள்? ஒரு காட்சியின்போது, அந்தக் கட்டடத்தில் வசித்த ஒருவர் வெளியே ஓடி வந்து, தன் தந்தை 1938-இல் இந்தக் கட்டடத்தை நேர்மையாகவே விலை கொடுத்து வாங்கினார் என்று கத்தியதை ஆட்டி பதிவு செய்திருக்கிறார். யாரும் அவரிடம் எதையும் கேட்டிருக்கவில்லை. ஒரு கடையின் பழைய படம், தன் வீட்டுச் சுவரில் விழுந்ததாலேயே அவருக்கு ஒரு குற்றச்சாட்டாகக் கேட்டிருக்கிறது.

எந்தப் பரப்பின் மீது வீசுவது என்பதைப் போலவே, எதன் மீது வீசாமல் விடுவது என்பதும் ஒரு தேர்வுதான். போலந்தில் பிறந்த கலைஞர் கிறிஸ்டோஃப் வோடிச்கோ 1999 ஆகஸ்டில் ஹிரோஷிமாவில் ஒரு காட்சியை அமைத்தார். அணுகுண்டு வீச்சுக்குப் பின்னும் எலும்புக்கூடாக நிற்கும் குவிமாடக் கட்டடத்தின் மீது படம் காட்டுவதைத்தான் எவரும் முதலில் நினைத்திருப்பார்கள். அவர் அந்தக் கட்டடத்தைத் தொடவில்லை. அதன் கீழே ஓடும் ஆற்றின் கரைச்சுவரில், சாட்சியம் சொல்பவர்களின் கைகளை மட்டும் பெரிதாக வீசினார்; குண்டுவீச்சில் பிழைத்தவர்களின் குரல்கள் ஒலிபெருக்கியில் கேட்டன. பேசும்போது விரல்கள் பின்னிக்கொள்வதும், ஒரு கைக்குட்டையைப் பற்றிக்கொள்வதும் போன்ற சிறு அசைவுகளே அங்கே காட்சியாயின. எதிர்க்கரையில் நின்றவர்களுக்கு மேலே குவிமாடமும் கீழே கைகளுமாகத் தெரிந்ததால், கட்டடமே ஓர் உடலாகி அமர்ந்து பேசுவதுபோல் இருந்தது. முகங்களைக் கட்டடத்தின் மீதே வீசியிருந்தால் அந்தச் சிதைவு மறைந்திருக்கும். கரையைத் தேர்ந்தெடுத்ததால் சிதைவும் சாட்சியும் ஒன்றையொன்று மறைக்காமல் நின்றன.

## ஒரே படம், ஒரே சுவர், வேறு இரவு

இடம் மாறினால் அர்த்தம் மாறும் என்பதை ஏற்பவர்கள்கூட, நேரத்தின் பங்கைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். இதற்கு ஏறக்குறைய ஒரு பரிசோதனைபோல அமைந்த நிகழ்வு ஒன்று உண்டு.

1988 அக்டோபரில், அமெரிக்க அதிபர் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது, வாஷிங்டனிலுள்ள ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்தின் உருளை வடிவச் சுவரில் வோடிச்கோ மூன்று இரவுகள் ஒரு படத்தை வீசினார். ஒரு கையில் எரியும் மெழுகுவத்தி, இன்னொரு கையில் பார்ப்பவரை நோக்கி நீட்டிய கைத்துப்பாக்கி, நடுவில் ஒரு வரிசை மைக்குகள். வேட்பாளர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் அந்த ஆண்டின் கட்சி மாநாட்டு உரையில் தொண்டு அமைப்புகளை 'ஆயிரம் ஒளிப்புள்ளிகள்' என்று புகழ்ந்திருந்தார். மரண தண்டனையும் குற்றங்களும் பிரசாரத்தின் பெரிய விவாதங்களாக இருந்தன. அந்தச் சூழலில் மெழுகுவத்தியும் துப்பாக்கியும் அரசியல் பேச்சின் இரண்டு குரல்களாக, கருணை வாக்குறுதியாகவும் மிரட்டலாகவும் படிக்கப்பட்டன.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2018 பிப்ரவரியில் அருங்காட்சியகம் அதே படத்தை அதே சுவரில் மீண்டும் காட்ட ஏற்பாடு செய்தது. பிப்ரவரி 13 அன்று முதல் காட்சி நடந்தது. மறுநாள் ஃபுளோரிடாவின் பார்க்லாண்டில் ஒரு பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்து 17 பேர் இறந்தனர். காட்சி உடனே ஒத்திவைக்கப்பட்டு, மார்ச் மாதத்தில்தான் தொடர்ந்தது. ஒரே இரவில் அந்தத் துப்பாக்கி உருவகமாக இருப்பதை விட்டுவிட்டு, பள்ளி வகுப்பறையில் நீட்டப்பட்ட துப்பாக்கியாகவும், மெழுகுவத்தி அஞ்சலியாகவும், மைக்குகள் செய்தியாளர் கூட்டத்தின் மைக்குகளாகவும் மாறிவிட்டன. படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. கலைஞரின் நோக்கமும் மாறவில்லை. நிறுத்தியது சரியா என்பது பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். இறந்தவர்களின் குடும்பங்களை எண்ணினால், சில வாரங்கள் காத்திருந்தது முறையே என்பது என் எண்ணம்.

சுருக்கமாகச் சொன்னால், ஒளிவீச்சில் பார்வையாளர் படத்தைத் தனியாகப் படிப்பதில்லை. சுவரின் கடந்த காலத்தையும் அந்த வாரத்தின் செய்தியையும் சேர்த்தே படிக்கிறார்.

## யார் அனுமதித்தது, யார் பணம் கொடுத்தது

1985-இல் லண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்தில் நெல்சன் தூணின் மீது ஒளி வீச வோடிச்கோவுக்கு முறையான அனுமதி இருந்தது. காட்சியின் நடுவே அவர் ஒரு புரொஜெக்டரைத் திருப்பி, சதுக்கத்தின் ஓரத்திலிருந்த தென்னாப்பிரிக்கத் தூதரகக் கட்டடத்தின் முக்கோண முகட்டில் நாஜிகளின் ஸ்வஸ்திகா சின்னத்தை விழச்செய்தார். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு காவல்துறை வந்து நிறுத்தியது. அனுமதி பெற்ற படமும் பெறாத படமும் ஒரே இரவில், ஒரே கருவிகளிலிருந்து வந்தவை. தூணின் மீது விழுந்தது கலை நிகழ்ச்சியாகப் பார்க்கப்பட்டது. சற்றுத் தள்ளி விழுந்தது ஓர் அரசின் மீதான குற்றச்சாட்டாகப் பார்க்கப்பட்டது. கேட்டிருந்தால் நிச்சயம் மறுத்திருப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததாலேயே அதற்கு அந்த வலிமை கிடைத்தது.

இதன் மறுபக்கத்தைச் சிட்னியில் காணலாம். விவிட் சிட்னி விழாவில் 2009 முதல் ஒபேரா ஹவுஸின் கூரை ஒளிவீச்சுக் கலைஞர்களுக்கு வழங்கப்பட்டு வந்தது. மக்கள் குடும்பத்தோடு வந்து ரசித்தார்கள். 2018 அக்டோபரில் எவரெஸ்ட் என்ற குதிரைப் பந்தயத்தை விளம்பரப்படுத்தும் காட்சியை அதே கூரையில் வீச வேண்டும் என்று கேட்கப்பட்டது. ஒபேரா ஹவுஸ் நிர்வாகம் தயங்கியது. மாநில அரசு உத்தரவிட்டு நடத்தவைத்தது. அக்டோபர் 9 இரவு ஏராளமானோர் திரண்டு, டார்ச்சுகளையும் கைபேசி விளக்குகளையும் கூரையை நோக்கிப் பிடித்து, எதிர்ப்பு முழக்கம் எழுப்பினார்கள். கட்டடமும் தொழில்நுட்பமும் முன்பு பார்த்தவையே. கைபேசி விளக்கின் ஒளி அவ்வளவு தூரத்தில் ஒரு புரொஜெக்டரின் படத்தை அழிக்கப் போதாது என்பதை முன்பு பார்த்த கணக்கே சொல்லும். ஆயினும் அவர்கள் பிடித்த வெளிச்சத்தால் அந்தக் காட்சி ஒரு விளம்பரமாக முடியாமல், பொதுச்சொத்து யாருக்குரியது என்ற வாதமாகவே முடிந்தது.

ஒளி சுவரைக் கீறுவதில்லை, கறைப்படுத்துவதில்லை என்பதால் அனுமதி ஒரு சடங்கு என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்த வாதம் எனக்கு ஏற்புடையதன்று. ஒரு கட்டடத்தின் மீது சொல்லப்படும் எதுவும் அந்தக் கட்டடமே சொல்வதுபோலக் கேட்கிறது. அந்தக் குரலை விலைக்கு வாங்குபவருக்கும், அதிகாரத்துக்கு எதிராகச் சில மணி நேரம் கடன் வாங்குபவருக்கும் வேறுபாடு உண்டு; அந்த வேறுபாட்டைப் பார்க்காமல் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது.

## அளவும் ஆபத்தும்

பெரிதாக்குவது எப்போதும் பெருமைப்படுத்துவது ஆகாது. 2001-இல் மெக்ஸிகோவின் டிஹுவானாவில், எல்லையோரத் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெண்கள் தங்கள் மீது நடந்த வன்முறைகளைப் பொதுச் சதுக்கத்தில் நேரலையில் சொன்னார்கள். அவர்கள் தலையில் அணிந்திருந்த கேமராவும் மைக்கும் முகத்தையும் குரலையும் பிடித்து, நகரின் கலாச்சார மையத்தின் கோள வடிவக் கட்டடத்தின் மீது அனுப்பின. கோளத்தின் வளைவில் ஒரு முகம் விழுந்தபோது அது ஒரு மாபெரும் தலையாகவே மாறியது. ஒளிந்து வாழும்படி நேர்ந்தவர்களுக்கு அந்த அளவு ஒரு துணிவைத் தந்தது. அதே அளவு, அவர்களை ஊரே அடையாளம் காணும்படியும் செய்தது. இதுவும் வோடிச்கோவின் பணிதான். பங்கேற்ற பெண்களின் இசைவும் நீண்ட தயாரிப்பும் இல்லாமல் இப்படியொன்றை எவரும் முயலக்கூடாது.

## கேமரா வழியாகப் பார்க்கும்போது

இன்று இத்தகைய காட்சிகளை நேரில் காண்பவர்களைவிடக் கைபேசியில் காண்பவர்கள் பன்மடங்கு அதிகம். அது இன்னொரு காட்சிப்படுத்தல். அதற்கும் தனி விதிகள் உண்டு. கேமராவின் ஒளித்திறப்பு நேரத்தை நீட்டினால், கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்த ஒளிவீச்சு பளபளவென்று பதிவாகும். படம்பிடிப்பவர் பெரும்பாலும் சரியான இடத்தில் நிற்பார். பக்கவாட்டில் தெரிந்த கோணல் பதிவாகாது. கூட்டத்தின் பேச்சும் வாகனங்களின் இரைச்சலும் போய், பின்னர் சேர்த்த இசை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

2020 கோடையில் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில், 1890 முதல் நின்றிருந்த ராபர்ட் இ. லீயின் சிலை இதற்குப் பொருத்தமான சான்று. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலங்களின் தளபதி அவர். காவல்துறையினரால் கொல்லப்பட்ட கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டின் முகத்தை, இரண்டு கலைஞர்கள் அந்தச் சிலையின் பீடத்தில் வீசினார்கள். பீடம் அதற்குள் போராட்டக்காரர்கள் எழுதிய வண்ண வாசகங்களால் நிறைந்திருந்தது. ஒளியால் மறைக்க இயலாது என்பதால் முகத்தின் ஊடாக அந்த எழுத்துகள் அப்படியே தெரிந்தன. மேலே, குதிரையின் மீது லீ. புதிய முகம், தெருவின் சினம், பழைய வெண்கலம் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டன. அந்தக் காட்சியின் ஒளிப்படம் ஒன்று நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் 2021 ஜனவரி அட்டையில் வந்து உலகம் முழுதும் சென்றது. 2021 செப்டம்பர் 8 அன்று சிலை அகற்றப்பட்டது. பிறகு பீடமும் பிரிக்கப்பட்டது. அந்தப் படம் விழுந்த பரப்பே இப்போது இல்லை.

ஆகவே ஒளிவீச்சுக் கலையின் ஒளிப்படங்களை வெளியிடும் இதழ்களும் விழாக்களும், ஓவியத்துக்குக் கீழே தைலவண்ணம், துணி, அளவு என்று குறிப்பதுபோல, இங்கேயும் சில விவரங்களைத் தவறாமல் குறிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: எந்தப் பரப்பு, எந்த நாள், எவ்வளவு நேரம் நீடித்தது, யார் அனுமதித்தார்கள் அல்லது அனுமதி பெறப்படவில்லையா, யார் செலவு செய்தார்கள், கேமரா எங்கே நின்றது. இவ்வளவும் இரண்டு வரிகளில் அடங்கிவிடும். படத்தை மட்டும் பார்த்து எவரும் இவற்றைக் கண்டுபிடிக்க முடியாது.